கார் ஹோஸ் திடீரென்று வெடித்தால்: கிழிசலைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

ஓடும் காரில் ரேடியேட்டர் ஹோஸ், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய், வெடித்தால் பெரும்பாலும் கதை இப்படித்தான் போகும். மெக்கானிக் வருவார், கிழிந்த ஹோஸைக் கழற்றி ஓரமாக வீசுவார், புதியதை மாட்டித் தண்ணீர் ஊற்றுவார், வண்டி கிளம்பிவிடும். சில மாதம் கழித்து அதே ஹோஸோ பக்கத்து ஹோஸோ மறுபடியும் போகும். அது போகவில்லை என்றால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல்) போகும். ஏன் வெடித்தது என்பதற்கான பதில் ஓரமாக வீசிய அந்த ரப்பர் துண்டில்தான் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

நல்ல ஹோஸ் சும்மா வெடிக்காது. உள்ளே நூல் பின்னல் வைத்த ரப்பர் அது. பல ஆண்டுகள் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்குவதற்கென்றே செய்தது. திடீரென்று போனதாக நமக்குத் தெரிவது, பெரும்பாலும் மாதக்கணக்கில் நடந்த ஒரு சேதத்தின் கடைசி நிமிடம். ஆகவே பழுதைக் கண்டுபிடிப்பது என்றால் இரண்டு கேள்விகள்: எது போனது, எதனால் போனது. முதலாவதுக்கு மட்டும் பதில் கண்டுபிடித்துவிட்டு வேலையை முடித்துக்கொள்வதுதான் நம் ஊர் வழக்கம்.

முதலில் நிறுத்துங்கள்

பானெட் இடுக்கில் வெள்ளையாக ஆவி, வெல்லப்பாகு போன்ற இனிப்பு வாடை, சிவப்பு டெம்பரேச்சர் விளக்கு. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். "அடுத்த பங்க் வரைக்கும் ஓட்டிடலாம்" என்ற நினைப்புதான் ஹோஸ் செலவை ஹெட் ஃபேசிங் (சூட்டில் வளைந்த ஹெட்டைச் சீவிச் சமமாக்குவது) செலவாக மாற்றுகிறது. ஹசார்டு விளக்கைப் போட்டு, எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வையுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்கு அழைக்கலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. டெம்பரேச்சர் சென்சார் திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். கூலன்ட் மொத்தமும் கொட்டிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். அப்போது முள் மேலே போவதற்குப் பதிலாகக் கீழே இறங்கலாம். ஏறிய முள் தானாக இறங்கிவிட்டது, பிரச்சினை தீர்ந்தது என்று ஓட்டுகிறவர்கள் இன்ஜினை இழப்பது இப்படித்தான். பல புது வண்டிகளில் முள்ளே கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும்தான். அவற்றில் சிவப்பு வந்தால் யோசிக்க நேரமில்லை.

பானெட்டை உடனே திறக்க வேண்டாம்; ஆவி அடங்கட்டும். சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். ஏன் என்று தெரிந்தால் கை தானாக விலகும். ரேடியேட்டர் மூடியில் 0.9, 1.1 என்று ஓர் எண் இருக்கும். அது பார் கணக்கில் அழுத்தம். 0.9 பார் அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூடச் சுமார் 119 டிகிரி வரை கொதிக்காமல் திரவமாகவே இருக்கும். மூடியைத் திறந்த கணம் அழுத்தம் போய்விடுகிறது, 100ஐத் தாண்டிய தண்ணீர் அந்த இடத்திலேயே ஆவியாகிப் பீறிடுகிறது. ஹோஸ் வெடித்தபோது வந்த வெள்ளை மேகமும் அதேதான். குறைந்தது முக்கால் மணி நேரம் காத்திருந்து, மேல் ஹோஸைத் தொட்டால் கை பொறுக்கும் சூடு வந்த பிறகு, கனமான துணி போட்டு, முதல் நிறுத்தம் வரை மட்டும் திருப்பி அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு அப்புறம் முழுதும் திறங்கள்.

சூடான இன்ஜின் மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதைச் சாலையோரங்களில் பார்க்கலாம். அலுமினிய ஹெட் அந்த அதிர்ச்சியில் விரிசல் விடும். செய்யாதீர்கள். இன்னொன்று: சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். விரலை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

எது கசிந்தது?

இன்ஜின் அறையில் ஓடும் ஹோஸ்கள் ஒரே வகை அல்ல. கீழே சொட்டியதை ஒரு வெள்ளைத் துணியிலோ பேப்பரிலோ தொட்டுப் பாருங்கள். பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, நீலம் என ஏதாவது ஒரு நிறத்தில் வழவழப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் கூலன்ட். எண்ணெய்ப் பிசுக்கோடு சிவப்பாகவோ தேன் நிறத்திலோ இருந்தால் பவர் ஸ்டியரிங் அல்லது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். நிறமும் வாடையும் இல்லாத சுத்தமான தண்ணீர் என்றால் ஏசியின் நீர்தான், பயப்பட ஒன்றுமில்லை. பெட்ரோல் வாடை வந்தால் சாவியைத் தொடாமல் எல்லோரையும் வண்டியிலிருந்து தள்ளி நிற்கவைத்துவிட்டு மெக்கானிக்கையோ கயிறு கட்டி இழுக்கும் வண்டியையோ கூப்பிடுங்கள். அந்த இடத்தில் டேப் சுற்றும் கைவைத்தியம் எதுவும் வேண்டாம்.

எதுவுமே சொட்டவில்லை, ஆனாலும் வண்டி திடீரென்று தடுமாறுகிறதா? அதுவும் ஹோஸாக இருக்கலாம். காற்று போகும் ஹோஸ்கள் கிழிந்தால் ஈரம் தெரியாது, சத்தம்தான் தெரியும். டர்போ வண்டியில் "பட்" என்று ஒரு சத்தம், அடுத்த நொடி இழுவை போய்விடுகிறது, டீசல் என்றால் பின்னால் கரும்புகை: டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிழிந்திருக்கும் அல்லது கழன்றிருக்கும். ஸ்கேனர் போட்டால் பி0299 (டர்போ அழுத்தம் குறைவு) என்ற கோடு காட்டலாம். பெட்ரோல் வண்டியில் ஐடிலிங் ஏறி இறங்கி, எங்கோ "உஸ்" என்று கேட்டால் வேக்கம் ஹோஸ். பி0171 (காற்று அதிகம், எரிபொருள் குறைவு) என்ற கோடு துணைக்கு வரும். அதோடு பிரேக் பெடலும் கல் மாதிரி ஆகிவிட்டதென்றால் பிரேக் அழுத்தத்துக்கு உதவும் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ். பிரேக் பிடிக்கும், ஆனால் காலால் பலமடங்கு அழுத்த வேண்டும். அந்த நிலையில் வண்டியை ஓட்டக் கூடாது.

மற்றபடி, நடுவழியில் நிற்கவைப்பது பெரும்பாலும் கூலன்ட் ஹோஸ்தான். இனிமேல் சொல்வது எல்லாம் அதைப் பற்றியே.

கசிந்த இடத்தைப் பிடிப்பது

ஈரமாக இருக்கும் இடத்தை எல்லாம் சந்தேகப்படாதீர்கள். ஓடும் வண்டியில் காற்றும் ஃபேனும் கூலன்ட்டைப் பின்னால் அடித்துக்கொண்டுபோய் எங்கெங்கோ பூசியிருக்கும். ஈரத்தில் எது எல்லாவற்றுக்கும் மேலாக, முன்னாலாக இருக்கிறதோ அதுதான் ஊற்றுக்கண்ணுக்குப் பக்கம். பானெட்டின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். பீறிட்ட கோடு அங்கே படிந்திருந்தால் நேர் கீழே ஓட்டை. ஈரம் இல்லாமல் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்ததுபோல் காய்ந்த தடம் தெரிந்தால், அந்த இடம் பல வாரமாகக் கசிந்துகொண்டிருந்திருக்கிறது.

பார்க்க வேண்டிய வரிசை: தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) பக்கமிருந்து ரேடியேட்டரின் மேல்பகுதிக்கு வரும் தடித்த மேல் ஹோஸ், அடியிலிருந்து வாட்டர் பம்புக்குப் போகும் கீழ் ஹோஸ், டேஷ்போர்டுக்குள் நுழையும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்கள், ரிசர்வ் டேங்குக்குப் போகும் மெல்லிய குழாய், கடைசியாகக் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் சின்னச் சின்ன பைபாஸ் ஹோஸ்கள். பழைய வண்டியில் சந்தேகத்துக்கு உரியவை இந்தச் சின்னவைதான். பெரிய ஹோஸை மாற்றுகிறவர்கள் இவற்றை விட்டுவிடுவார்கள்.

ஹோஸை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள். ரேடியேட்டரின் பக்கவாட்டு டேங்கும் அதில் நீட்டிக்கொண்டிருக்கும் கழுத்தும் இப்போது பிளாஸ்டிக். ஆண்டுக்கணக்கில் சூடு பட்டு பிஸ்கட் மாதிரி நொறுங்கும். ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் வளையமான கிளாம்ப்புக்கு அடியில் கழுத்து விரிசல் விட்டிருந்தால் வெளியிலிருந்து பார்க்க ஹோஸ் கசிவு மாதிரியே இருக்கும். புது ஹோஸ் போட்டாலும் கசியும்.

ரிசர்வ் டேங்கில் தண்ணீர் இருக்கிறதே என்று ஏமாறவும் வேண்டாம். அழுத்த மூடி ரேடியேட்டரிலேயே இருக்கும் வண்டிகளில், இன்ஜின் ஆறும்போது டேங்கிலிருந்து கூலன்ட் ரேடியேட்டருக்குள் உறிஞ்சப்பட வேண்டும். ஹோஸில் ஓட்டை இருந்தால் அது வழியாகக் காற்றுதான் உள்ளே போகும். டேங்க் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்ப்பது ஒன்றே வழி.

கண்ணுக்கு எதுவும் அகப்படவில்லை என்றால் பிரஷர் டெஸ்டர் வேண்டும். மூடி இருந்த இடத்தில் மாட்டிக் கையால் பம்ப் அடிக்கும் கருவி. கொஞ்சம் பெரிய ஒர்க்‌ஷாப்களில் இருக்கும். மூடியில் எழுதிய அளவு வரை அடித்துவிட்டுக் காத்திருந்தால், முள் இறங்கும்போதே கசியும் இடம் காட்டிக்கொடுத்துவிடும். மூடியின் அளவைத் தாண்டி அடிக்கவிடாதீர்கள்.

கிழிசல் சொல்லும் காரணம்

கழற்றிய ஹோஸை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிளேடால் நீளவாக்கில் அறுத்து உள்பக்கத்தையும் விரித்துப் பாருங்கள்.

கிளாம்ப்புக்குப் பக்கத்தில், இரண்டு அங்குலத்துக்குள், நீளவாக்கில் கிழிந்திருக்கிறதா? வெளியே ரப்பர் புதிதுபோல் இருந்து, உள்ளே மட்டும் இணையிணையாகக் கோடு கோடாக விரிசல் தெரிகிறதா? இது மின்வேதிச் சிதைவு. ஹோஸின் ரப்பரில் கலந்துள்ள கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஒரு பக்கம் உலோகக் குழாய், நடுவில் திரவம், மறுபக்கம் ரப்பர் என்று ஒரு சின்ன பேட்டரியே உருவாகிவிடுகிறது. ரப்பர் உள்ளிருந்து வெளியே விரிகிறது. இதை ஹோஸ், பெல்ட் தயாரிக்கும் கேட்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது என்பதால்தான் இந்த வகை ஹோஸ்தான் நிஜமாகவே "திடீரென்று" போகிறது. பழைய கூலன்ட்டும், அதைவிட மோசமாக போர்வெல் தண்ணீரும் இதை வேகப்படுத்தும். தண்ணீரில் உப்பு கூடக்கூட அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்.

இதை மல்டிமீட்டரால் சரிபார்க்கலாம். டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி மைனஸில், சிவப்பு முனையை எந்த உலோகத்திலும் படாமல் கூலன்ட்டுக்குள் பிடியுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.3ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். எல்லாம் அணைத்திருக்கும்போதே அதிகமாகக் காட்டினால் கூலன்ட் தீர்ந்துபோனது. ஹெட்லைட், ஏசி, ஃபேன் என ஒவ்வொன்றாகப் போடும்போது எண் ஏறினால் அந்தக் கருவிக்கு எர்த் சரியில்லை, மின்சாரம் கூலன்ட் வழியாக வழி தேடுகிறது.

அடுத்தது, நடுவில் பலூன்போல் ஊதி வெடித்த ஹோஸ். உள்நூல் அறுந்திருக்கிறது. அந்த இடம் கைக்குக் கொழகொழவென்றும் பிசுபிசுப்பாகவும் இருந்தால் எண்ணெய்தான் குற்றவாளி. கூலன்ட் ஹோஸின் ரப்பருக்குச் சூடும் தண்ணீரும் பழக்கம், பெட்ரோலிய எண்ணெய் ஆகாது, ஊறி உப்பிவிடும். அண்ணாந்து பாருங்கள், வால்வு கவர் கேஸ்கெட் கசிகிறதா, பவர் ஸ்டியரிங் ஆயில் சொட்டுகிறதா என்று. அதைச் சரிசெய்யாமல் ஹோஸை மட்டும் மாற்றுவது வீண் செலவு. எண்ணெயே இல்லாமல் ஊதியிருந்தால் உள்ளே அழுத்தம் எல்லை மீறியிருக்கிறது. அதற்குத் தனியாக வருகிறேன்.

அழுத்தினால் நொறுங்கும் சத்தம், மேலெல்லாம் வெடிப்பு, விறைப்பு என்றால் வெறும் வயதும் சூடும்தான். எக்ஸாஸ்ட்டுக்கோ டர்போவுக்கோ பக்கமாகப் போகும் பகுதி மட்டும் அப்படி இருந்தால், அங்கே இருந்த வெப்பத் தடுப்புத் தகடு கழன்று விழுந்திருக்கும்.

ஒரே பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்தால், எதிலோ உரசியிருக்கிறது. பிராக்கெட், பெல்ட், ஃபேன் கூடு எதுவாகவும் இருக்கலாம். முன்பு உரசாதது இப்போது ஏன் உரசுகிறது என்று கேளுங்கள். இன்ஜின் மவுண்ட் போய், இன்ஜின் கூடுதலாக ஆடும்போது இப்படி நடக்கும்.

இரட்டைப் பல் தடம், பக்கத்தில் ரப்பர்த் துணுக்குகள், புழுக்கை. சொல்லவே வேண்டாம், எலி. அப்படியென்றால் ஹோஸோடு விடாமல் வயரிங்கையும் முழுதாகப் பாருங்கள்.

கிளாம்ப்புக்கு அடியில் வட்டமாக வெட்டியிருந்தால் ஸ்க்ரூ கிளாம்ப்பை அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள். ஹோஸ் கிழியவே இல்லை, கழன்றுதான் வந்தது என்றால் கிளாம்ப் தளர்ந்திருக்கலாம், குழாய்க் கழுத்து அரித்திருக்கலாம், அல்லது யாரோ சுலபமாக ஏற கிரீஸ் தடவியிருக்கலாம். இவை மூன்றும் இல்லையென்றால் மறுபடியும் அழுத்தம்தான்.

கடைசியாக ஒரு விநோதம்: ஆறிய பிறகு ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கொண்டிருக்கும். வெடிப்பதற்கு நேரெதிர் நோய். இன்ஜின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, மூடியில் உள்ள சின்ன வால்வு திறந்து டேங்கிலிருந்து கூலன்ட்டை உள்ளே விட வேண்டும். வால்வு ஒட்டிக்கொண்டாலோ டேங்க் குழாய் அடைத்துக்கொண்டாலோ ஹோஸ் உள்வாங்கும். மூடியை மாற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

அழுத்தம் ஏன் ஏறியது?

எப்போது வெடித்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள், அது பாதி விடை. சிக்னலில் நின்று நின்று போகும்போது என்றால் ஃபேன் ஓடியதா என்று முதலில் பாருங்கள். ஃபியூஸ், ரிலே, மோட்டார் இந்த வரிசையில். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளோ கொல்லிமலையின் 70 வளைவுகளோ ஏறும்போது என்றால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட். வீட்டுக்கு வந்து அணைத்த சில நிமிடம் கழித்து என்றால் ஹோஸின் பலவீனமே முக்கியக் காரணமாக இருக்கலாம். பம்ப் நின்றதும் இன்ஜினின் சூடு தேங்கி நிற்கும் கூலன்ட்டில் இறங்குவதால் அந்தச் சில நிமிடங்களில் வெப்பமும் அழுத்தமும் கூடும்.

மூடியை மாற்றுவது மிக மலிவான வேலை, ஆகவே முதலில் செய்ய வேண்டியதும் அதுவே. பழைய மூடி குறித்த அழுத்தத்தில் திறக்காமல் ஒட்டிக்கொண்டால் முழுச் சுமையும் ஹோஸ் மேல்தான். பழையதில் இருந்த அதே எண்ணைத்தான் வாங்க வேண்டும்.

பயப்பட வேண்டியது ஹெட் கேஸ்கெட்டுக்கு. எரியும் வாயு கூலன்ட்டுக்குள் புகுந்தால் எந்த ஹோஸும் தாங்காது. இரவெல்லாம் ஆறிய இன்ஜினைக் காலையில் ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள். இன்ஜின் சூடாகும் முன்பே, ஓரிரு நிமிடத்தில், ஹோஸ் கல்லாக விறைத்தால் சந்தேகம் வலுக்கிறது. ஆயில் மூடிக்கு அடியில் பால் கலந்த காபி நிறம், சைலன்சரில் விடாத இனிப்பு வாடை வெண்புகை, டேங்கில் ஓயாத குமிழ் எல்லாம் அதே பக்கம் கைகாட்டுபவை. உறுதிசெய்ய, ரேடியேட்டர் வாயில் வைத்து வாயுவை இழுக்கும் ஒரு சோதனைக் குடுவை உண்டு. எரிந்த வாயு இருந்தால் நீலத் திரவம் மஞ்சளாகும்.

"நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட்டே வேண்டாம், எடுத்துவிடலாம்" என்பார்கள் சிலர். ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும். சில இன்ஜின்களில் பைபாஸ் வழி மூடாமல் போய், ரேடியேட்டருக்குப் போக வேண்டிய கூலன்ட் குறைந்து, சூடு கூடவும் செய்யும்.

வழியில் ஒப்பேற்றுவது

நுனியில்தான் கிழிந்திருக்கிறது, ஹோஸுக்கும் கொஞ்சம் நீளம் மிச்சம் இருக்கிறது என்றால் கிழிந்த பகுதியை நேராக வெட்டிவிட்டு மறுபடி மாட்டுங்கள். இதுதான் இருப்பதிலேயே நம்பகமான வழி. நடுவில் கிழிந்தால், தன்னோடு தானே ஒட்டும் சிலிக்கான் டேப்பை ஹோஸை நன்றாகத் துடைத்து உலர்த்திவிட்டு, இழுத்து இழுத்துப் பல சுற்று சுற்ற வேண்டும். எலக்ட்ரிக் இன்சுலேஷன் டேப் நிற்காது. மூடியை முழுதாக இறுக்காமல் முதல் நிறுத்தத்தில் விட்டால் உள்ளே அழுத்தம் ஏறாது, டேப் தாங்கும். ஆனால் அழுத்தம் இல்லாததால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். ஏசி இல்லாமல், மெதுவாக, சில கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்திப் பார்த்து, கையில் தண்ணீர்க் கேனோடுதான் போக வேண்டும்.

போனது ஹீட்டர் ஹோஸ் என்றால் கவலை குறைவு. ஹீட்டருக்குப் போகும் வழியையும் வரும் வழியையும் ஒரே ஹோஸால் இன்ஜின் பக்கத்திலேயே இணைத்துவிடலாம். நம் சமவெளியில் ஹீட்டர் இல்லை என்று யாரும் அழப்போவதில்லை.

அவசரத்துக்கு வெறும் தண்ணீர் ஊற்றலாம், தவறில்லை. வீட்டுக்கு வந்ததும் வடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். வடித்த கூலன்ட்டைத் தெருவில் விடாதீர்கள். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாய்கள் நக்கும், செத்துப்போகும்.

புது ஹோஸ் மாட்டும்போது

நீள ஹோஸை வெட்டி வளைத்து மாட்டும் சமாளிப்பு வேண்டாம். வளைவில் மடிந்து அடைத்துக்கொள்ளும். அந்த வண்டிக்கென்று வார்த்த வடிவத்தில் வரும் ஹோஸ்தான் சரி. பழையதை முறுக்கிப் பிடுங்காமல் நுனியில் கீறி உரியுங்கள், பிளாஸ்டிக் கழுத்து பிழைக்கும். கழுத்தில் படிந்த உப்பைச் சுரண்டிச் சுத்தமாக்கிவிட்டு, வழுக்குவதற்குக் கொஞ்சம் கூலன்ட் மட்டும் தடவுங்கள். கிளாம்ப் கழுத்தின் மேட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டும். கம்பெனியில் வந்த ஸ்ப்ரிங் கிளாம்ப் நன்றாக இருந்தால் அதையே போடுங்கள். ரப்பர் சூட்டில் விரிந்து ஆறும்போது சுருங்கினாலும் அது கூடவே விட்டுக்கொடுத்துப் பிடிக்கும். ஸ்க்ரூ கிளாம்ப்புக்கு அந்தத் திறமை இல்லை. ஒரே வயதுடைய மற்ற ஹோஸ்களையும் இதே கையோடு மாற்றிவிடலாம். கூலன்ட் எப்படியும் வடிந்துவிட்டது, கூலியும் ஒன்றுதான்.

கூலன்ட்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள். நிறம் வெறும் சாயம். கையேட்டில் சொன்ன வகைதான் கணக்கு. அடர் கூலன்ட் என்றால் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலக்கலாம், ரெடிமிக்ஸ் என்றால் அப்படியே ஊற்றலாம்.

பிறகு காற்றை வெளியேற்ற வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிடுவதால்தான் புது ஹோஸ் போட்ட மறுநாளே வண்டி மறுபடி சூடாகிறது. வண்டியின் முன்பக்கம் கொஞ்சம் உயரமாக நிற்கட்டும், ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள், மூடியைத் திறந்துவைத்து ஐடிலிங்கில் ஓடவிடுங்கள். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதில் குமிழ் இல்லாமல் கூலன்ட் வரும்வரை திறந்து மூடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் இறங்கும். மெதுவாக நிரப்பி மூடியைப் போடுங்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை அணைக்காதீர்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் சலசலவென்று தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது.

மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்யும் முன், ரேடியேட்டர் மட்டத்தையும் கிளாம்ப்களைச் சுற்றிய ஈரத்தையும் பாருங்கள். மட்டம் கொஞ்சம் இறங்கியிருப்பது சகஜம், ஊற்றிவிடுங்கள். ஒரு வாரம் கழித்தும் இறங்கிக்கொண்டே இருந்தால் பிரஷர் டெஸ்டரோடு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.